ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள்: ஆக்ஸியான் டேட்டா அனாலிசிஸ் கத்துக்க வாங்கலாமா?

காலாப்பட்டு யுனிவர்சிட்டில எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன், வீடு கடலூர் மஞ்சக்குப்பம். டார்க் மேட்டர் (கண்ணுக்குத் தெரியாத பிரபஞ்சப் பொருள்) ப்ராஜெக்ட்டுக்காக இந்த டாங்கிள, அதாவது லேப்டாப் யூஎஸ்பில மாட்டி ரேடியோ சிக்னல டேட்டாவா மாத்தற சின்ன ரிசீவர, ஆன்லைன்ல 2,300 ரூபாய்க்கு வாங்கி 3 மாசம் ஆச்சு. ஆக்ஸியான்ங்கறது டார்க் மேட்டரா இருக்கலாம்னு நினைக்கிற, இன்னும் யாரும் பாக்காத துகள், பலமான காந்தத்துல ரேடியோ அலையா மாறலாம். இத வச்சு அத கண்டுபிடிக்கவே முடியாது, அதுக்கு சியாட்டில்ல இருக்கற ஏடிஎம்எக்ஸ்ங்கற ஆக்ஸியான் தேடல் சோதனை மாதிரி 7 டெஸ்லா கிட்ட காந்தம், உள்ள செப்பு பூசின கேவிட்டி (ரேடியோ அலைய ஒத்ததிர வைக்கிற உலோகக் கூடு), ஜீரோ கெல்வின ஒட்டின குளிர்னு எல்லாம் வேணும், அப்பவும் வர்ற சிக்னல் ஒரு வாட்ட நூறு கோடி கோடி கோடியா பிரிச்சா ஒரு பங்கு அளவுதான். ஆனா அவங்க 2018ல ரிசல்ட் போட்ட 645-680 மெகாஹெர்ட்ஸ இந்த டாங்கிளும் பிடிக்கும், அதான் வாங்கினேன்.

660 மெகாஹெர்ட்ஸ்ல ஆக்ஸியான் இருந்தா அதோட சிக்னல் அகலம் சுமார் 660 ஹெர்ட்ஸ், பத்து லட்சத்துல ஒரு பங்கு. 2.4 மெகாஹெர்ட்ஸ் சாம்பிளிங்ல 8,192 பின் (ஸ்பெக்ட்ரத்த பிரிக்கிற சின்ன கட்டம்) வச்சா ஒரு பின் 293 ஹெர்ட்ஸ், ரெண்டு மூணு பின்ல சிக்னல் வந்துடும். ஸ்பெக்ட்ரம் மேடும் பள்ளமுமா வரும், சவிட்ஸ்கி-கோலே ஃபில்டர் போட்டு அத சமமாக்கி ஆயிரக்கணக்குல ஆவரேஜ் பண்ணா இரைச்சல் அடங்குறத கண்ணால பாக்கலாம், நூறு மடங்கு டேட்டாவுக்கு பத்து மடங்குதான் குறையும்.

ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடில 662.4 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு முள்ளு, ஊசி மாதிரி நிக்குது, எத்தன தடவ எடுத்தாலும் அங்கயே இருக்கு. சீனியர் அக்காவுக்கு போன் பண்ணேன், "ஆன்டெனாவ கழட்டிட்டு 50 ஓம் லோடு மாட்டி பாரு தம்பி"ன்னாங்க. லோடுன்னா ஆன்டெனா இடத்துல மாட்டுற மின்தடை, ஆன்டெனா சிக்னல் உள்ள வராது. மாட்டினேன், முள்ளு போகல, அப்போ அது டாங்கிள்லயே பிறக்குதோன்னு பாத்தேன். டாங்கிளுக்குள்ள கடிகாரம் மாதிரி துடிக்கிற கிரிஸ்டல் 28.8 மெகாஹெர்ட்ஸ், அத 23 ஆல பெருக்கினா சரியா 662.4! டாங்கிள் சூடாக ஆக வெளி சிக்னல் எல்லாம் நகருது, இது மட்டும் நகரல, ஏன்னா ட்யூனரும் அதே கிரிஸ்டல வச்சுதான் ஓடுது. ஏடிஎம்எக்ஸ்லயும் ஒரு முள்ளு தெரிஞ்சா மறுபடி அதே இடத்துல அளந்து பாப்பாங்க, நெஜ ஆக்ஸியான்னா காந்தத்த குறைச்சா சிக்னலும் அதோட வர்க்கத்துல குறையணும். டீமுக்கே தெரியாம போலி சிக்னல் வேற உள்ள விட்டு சோதிப்பாங்க, அத முன்னாடி படிச்சப்ப மனசுல பதியல, அன்னிக்கு பதிஞ்சுது.

குறைன்னா 8 பிட்தான் (சிக்னல் அளவ 256 படியாதான் பிரிக்கும்), பக்கத்துல பலமான ஸ்டேஷன் இருந்தா திணறும். பிளாஸ்டிக் பாடி வேணாம், நம்ம ஊரு மே மாச வெயில்ல தொட முடியாத சூடு, மெட்டல் பாடியே எடுங்க. எனக்கு வந்த முதல் பீஸ்ல ஆன்டெனா கனெக்டர் ஆடிச்சு, விக்கிறவங்க பத்து நாள்ல மாத்திட்டாங்க. லேப்டாப் இரைச்சல் உள்ள வராம இருக்க ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் 50 ஓம் லோடும் சேத்தே ஆர்டர் பண்ணிடுங்க.