'த்ரில்லர்' எல்பி ரெக்கார்டு: சேலத்தில் வாங்கி ஓட்டப் போகிறவர்களுக்கு

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை எல்பி ரெக்கார்டாக வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்கலாம். ஆனால் ரெக்கார்டுக்கு எண்ணி வைத்த பணத்தில் பாதியை முள்ளுக்கும், டர்ன்டேபிள் உட்காரும் பலகைக்கும் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள். இந்த ஆல்பத்தை முடித்த பிறகு மறுபடி பிரித்துக் கலந்ததே ரெக்கார்டில் நன்றாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வேலை நம் வீட்டில் காதுக்கு வந்து சேராவிட்டால் செல்போனில் கேட்பதே மேல்.

1982 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் வெஸ்ட்லேக் ஸ்டுடியோவில் தொடங்கிய பதிவு நவம்பரில் முடிந்தது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ், ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன். ஒன்பது பாட்டு; நான்கு ஜாக்சனே எழுதியவை, மூன்று ராட் டெம்பர்டன் எழுதியவை. தலைப்புப் பாட்டுக்கு டெம்பர்டன் முதலில் வைத்த பெயர் 'ஸ்டார்லைட்'. அந்தப் பெயரிலேயே வந்திருந்தால் அட்டையில் என்ன அச்சடித்திருப்பார்களோ.

ஸ்வீடியன் இரண்டு 24 ட்ராக் டேப் மெஷின்களை டைம்கோடு (டேப்பில் பதிந்த நேரக் குறி) வைத்து இணைத்து ஓட்டுவார். ட்ராக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அதில் பாதி லாபம்தான். டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஹெட்டில் உரசி மேல்ஸ்தாயி ஒலி மங்கும். டிரம்ஸின் கூர்மைதான் முதலில் போகும். அதனால் டிரம்ஸும் பேஸும் பதிந்த டேப்பை எடுத்து வைத்துவிட்டு, அதன் நகலை ஓட்டியபடி குரல் பதிவார். மிக்ஸிங்குக்கு, அதாவது தனித்தனியாகப் பதிந்ததை ஒன்றாகக் கலக்க, உட்காரும்போதுதான் அசல் டேப் வெளியே வரும். இந்த ரெக்கார்டில் ஸ்நேர் டிரம்மின் அடி இன்றும் புதிதாக விழுவதற்கு இது ஒரு காரணம்.

'பில்லி ஜீன்' பாட்டின் டிரம்ஸுக்கு அவர் தனியாகப் பலகை மேடை செய்ய வைத்தார். பேஸ் டிரம்மின் மேல் ஜிப் வைத்த உறை, ஸ்நேருக்கும் ஹைஹாட் தாளத்துக்கும் நடுவே ஒரு மரத் தடுப்பு. ஒன்றின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசியக் கூடாது என்பதுதான் நோக்கம். ஜாக்சனின் முதன்மைக் குரலுக்கு ஷூர் எஸ்எம்7 மைக். இன்று யூடியூப்காரர்கள் மேசையில் நிற்கும் எஸ்எம்7பி-க்கு முன்னோடி. பின்னணியில் வரும் சில வரிகளை ஆறடி நீள அட்டைக் குழாய் வழியே பாட வைத்தார்கள். அந்தப் பாட்டை ஸ்வீடியன் 91 முறை மிக்ஸ் செய்ததும், கடைசியில் ஜோன்ஸ் இரண்டாவது மிக்ஸையே எடுக்கச் சொன்னதும் ஸ்வீடியனே பலமுறை சொன்ன செய்தி. வீட்டு ஸ்டுடியோவில் ஆல்பம் செய்யும் நம் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: பழைய மிக்ஸ்களை அழிக்காமல், தேதி போட்டுச் சேமிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தில் போட்டுக் கேட்டால் ஒலி சப்பென்று இருந்தது. பாடகர் அழுதே விட்டார் என்று ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். பாட்டில் குறையில்லை, ஒரு பக்கத்தில் ஏற்ற வேண்டிய நேரம் அளவுக்கு மீறிப் போயிருந்தது. ரெக்கார்டில் பேஸ் ஒலி என்றால் க்ரூவ் (முள் ஓடும் பள்ளம்) பக்கவாட்டில் அகலமாக ஆடுவது. ஒலி கூடக் கூட ஆட்டமும் கூடும், பக்கத்து க்ரூவுக்கு இடம் விட்டாக வேண்டும். நிமிடம் அதிகமானால் க்ரூவை நெருக்கி வெட்ட வேண்டும்; நெருக்கினால் ஒலியளவையும் பேஸையும் குறைக்காமல் முடியாது. ஒரு பக்கத்துக்கு 18, 19 நிமிடம் என்பதுதான் அவர்கள் வைத்த இலக்கு. 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டில் ஒரு சரணத்தையே எடுத்தார்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின், நாளுக்கு ஒரு பாட்டு என்று எல்லாவற்றையும் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். மாஸ்டரிங், அதாவது ரெக்கார்டு வெட்டுவதற்கான கடைசி ஒலிச் சீரமைப்பு, பெர்னி கிரண்ட்மேன். கைக்கு வந்த ரெக்கார்டில் முதல் பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம், இரண்டாம் பக்கம் 22 நிமிடம். இலக்கைத் தாண்டினாலும் பேஸ் கெடாத எல்லைக்குள் நின்றுவிட்டது.

வெளியீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1982 அக்டோபரில் பால் மெக்கார்ட்னியுடன் பாடிய 'தி கேர்ள் இஸ் மைன்' சிங்கிளாக வந்தது. நவம்பர் கடைசியில் ஆல்பம். 1983 ஜனவரியில் 'பில்லி ஜீன்', பிப்ரவரியில் 'பீட் இட்', மே மாதம் டிவியில் மூன்வாக் என்று இடைவெளி விட்டு விட்டுத் தள்ளினார்கள். ஒன்பது பாட்டில் ஏழு சிங்கிளாக வந்தன. அமெரிக்கப் பட்டியலில் 37 வாரம் முதலிடம், 1984 பிப்ரவரியில் ஒரே இரவில் எட்டு கிராமி.

இனி முள்ளை வைத்துக் கேட்போம். முதலில் இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். ரெக்கார்டின் வெளி விளிம்பில் க்ரூவ் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளுக்கு அருகே 21 சென்டிமீட்டர்தான். உள்ளே போகப் போக அதே ஒலியைக் குறுகிய நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் 'ஸ', 'ஷ' ஒலிகள் கரகரக்கத் தொடங்கும். இரண்டாம் பக்கத்தில் 'பீட் இட்', 'பில்லி ஜீன்' என்ற இரண்டு முரட்டுப் பாட்டும் வசதியான வெளி இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மெதுவான பாட்டு கடைசியில். முதல் பக்கத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. தலைப்புப் பாட்டு நான்காவது, அதுவும் உள் விளிம்பில். நடிகர் வின்சென்ட் பிரைஸின் பேச்சும் சிரிப்பும் லேபிளை உரசிக்கொண்டு வருகின்றன. உங்கள் முள் எப்படிப்பட்டது என்று அந்தக் கடைசி ஒரு நிமிடம் சொல்லிவிடும். அவர் பேச்சில் 'ஸ' வரும் இடங்களில் எச்சில் தெறிப்பது போலக் கேட்டால் முள் தேய்ந்திருக்கிறது, அல்லது கோணம் தப்பாக இருக்கிறது.

வட்ட முனை முள்ளில் இந்த இடம் ஒருபோதும் சுத்தமாக வராது. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ போன்ற நீள்வட்ட முனை முள் குறைந்தபட்சத் தேவை. அதே காட்ரிட்ஜில் (முள்ளைச் செருகும் சின்னப் பெட்டி) முள்ளை மட்டும் கழற்றி விஎம்95எம்எல் முள்ளைச் செருகினால் உள் க்ரூவில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். முள் ரெக்கார்டை அழுத்தும் எடை 2 கிராம். 'கம்மியாக வைத்தால் ரெக்கார்டு தேயாது' என்று சிலர் 1.5 வைக்கிறார்கள். எடை போதாத முள் பேஸ் அடி விழும்போது க்ரூவின் சுவரை விட்டு எகிறி மறுபடி வந்து மோதும். ரெக்கார்டு கெடுவது அப்போதுதான். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டோன்ஆர்மில் (முள்ளைத் தாங்கும் கை) அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

சேலத்தில் அதிகம் காதில் விழும் புகார், 'டர்ன்டேபிளை ஹோம் தியேட்டரில் மாட்டினேன், பேஸே இல்லை' என்பது. ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, மேல்ஸ்தாயியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 19 டெசிபெல் குறைவு. அதைத் திருப்பிச் சரிசெய்வது ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்ன ஆம்பின் வேலை. காட்ரிட்ஜிலிருந்து வருவதோ நாலு மில்லிவோல்ட். அதை நேராக ஆம்பின் சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்தால் தகர டப்பா சத்தம்தான் வரும். இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு: டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஆம்பை ஆன் செய்துவிட்டு, ஆம்பின் ஃபோனோ இன்புட்டிலும் மாட்டுவது. அப்போது பேஸ் பொங்கி, குரல் உடையும். இரண்டில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும். ஹம் கேட்டால் எர்த் ஒயரை ஆம்பின் ஸ்க்ரூவில் முடுக்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள் என்றால் மோட்டாரைப் பாருங்கள். மின்சாரத்தின் அலைவெண்ணை வைத்து ஓடும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் அங்கே 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டது, இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைக் குறைத்தாலும் வேகம் சரியாகாது. 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றில் ஓடும். ஜாக்சனின் குரல் கட்டைக் குரலாகிவிடும். மோட்டார் புல்லியை மாற்ற வேண்டும். சோதிக்க ஆப் எதுவும் தேவையில்லை: லேபிளில் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டி, நூறு சுற்று எண்ணுங்கள். சரியாக மூன்று நிமிடம் ஆக வேண்டும்.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை பக்கம் வீடு என்றால் தறி இருக்கிறது. பக்கத்துச் சுவரில் விசைத்தறி ஓடும்போது தரை அதிர்வது நமக்குப் பழகிப்போய் உறைக்காது, முள்ளுக்கு உறைக்கும். டோன்ஆர்மும் காட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இயல்பாகவே ஆடக்கூடியவை. தறியின் அதிர்வோ, மெயின் ரோட்டில் பஸ் போகும் அதிர்வோ அந்த இடத்தைத் தொட்டால் ஆட்டம் பெரிதாகும். கண்டுபிடிப்பது சுலபம். 'பில்லி ஜீன்' தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் இடத்தில் ஸ்பீக்கரின் கிரில்லைக் கழற்றிவிட்டு ஊஃபரை (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு) பாருங்கள். அடிக்கு அடி துடித்தால் சரி. அடி இல்லாத இடத்திலும் கூம்பு உள்ளே வெளியே என்று மெதுவாக ஆடிக்கொண்டிருந்தால் அதிர்வு ஏறுகிறது, அல்லது ரெக்கார்டு வளைந்திருக்கிறது. நம் ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. அறுத்து மிஞ்சிய துண்டில் இரண்டு அங்குலக் கனமுள்ள பலகையைக் கேட்டு வாங்கி, நான்கு மூலையிலும் மெத்தென்ற ரப்பர் வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை வையுங்கள். வெறும் கிரானைட் அதிர்வைத் தடுக்காது, கடத்தும், ரப்பர்தான் முக்கியம். தறிக்கொட்டகையை ஒட்டாத சுவரில் ஷெல்ஃப் அடித்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் டர்ன்டேபிளை வைக்கவே வேண்டாம்.

துடைப்பதற்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடாது. காய்ந்ததும் உப்பு க்ரூவில் தங்கி, முன்பு இல்லாத பொரிச் சத்தம் வரும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆசிட் பாட்டிலை மாற்றி எடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மைக்ரோஃபைபர் துணி, க்ரூவின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பு, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. மேக்னசைட் சுரங்கம் பக்கம் இருப்பவர்கள் ஓட்டும்போதும் மூடியைத் திறந்து போடாதீர்கள். அந்த வெள்ளைத் தூசு மண்தூசு போல ஊதினால் போகாது.

ஏற்காட்டில் வீடோ எஸ்டேட்டோ வைத்து, ரெக்கார்டையும் அங்கே வைப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. தூசு குறைவு, ஈரம் அதிகம். ரெக்கார்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் வீட்டில் அதை எட்டவே முடியாது. முதலில் பூஞ்சை பிடிப்பது அட்டை. 'த்ரில்லர்' இரட்டை மடிப்பு அட்டை; உள்ளே புலிக்குட்டியுடன் ஜாக்சன் சாய்ந்திருக்கும் படம். அந்த மடிப்புக்குள் காற்றே போகாததால் வெள்ளைப் புள்ளி அங்கிருந்துதான் தொடங்கும். காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலிஎத்திலீன் உறைக்கு மாற்றுங்கள். பளபளவென்று கெட்டியாக இருக்கும் பிவிசி வெளியுறை வேண்டாம். நாள்பட அதிலிருந்து கசியும் பொருள் ரெக்கார்டின் மேல் மங்கலாகப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. சிலிக்கா ஜெல் போட்டால் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திவிட்டு மறுபடி போட வேண்டும். மாதக்கணக்கில் மறந்து போட்ட பை இருந்தும் பயனில்லை. ரெக்கார்டிலேயே பூஞ்சை வந்துவிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் 15 சதவீதம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். வினைலுக்குத்தான் இது. தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கே கரைந்துவிடும்.

மலையிலிருந்து இறக்கும்போது மே மாதக் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்தால் ஒரே மதியத்தில் அப்பளமாகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருக்கும் பரணும் அப்படித்தான். படுக்க வைக்காமல், சாயாமல் நிமிர்த்தி அடுக்குங்கள்.

எந்தப் பதிப்பு வாங்குவது? 2022-ல் மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி 40,000 பிரதி என்று அறிவித்த விலையுயர்ந்த பதிப்பு உண்டு. அசல் அனலாக் டேப்புக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே டிஜிட்டல் படி ஒன்று இருக்கிறது என்ற சர்ச்சை அந்த வருஷம்தான் வெடித்தது. டிஜிட்டல் இருப்பதால் ஒலி மட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுத்தர டர்ன்டேபிளில் அந்த விலைக்குக் கிடைக்கும் கூடுதல் நயம் காதுக்கு எட்டாது. சாதாரண மறுபதிப்பும் எம்எல் முள்ளும் சேர்ந்து அதைவிட நிறைவாக இருக்கும். எண்பதுகளின் அமெரிக்கப் பிரதி நல்ல நிலையில் கிடைத்தால் அதற்கே முதலிடம். எபிக் லேபிள், எண் க்யூஇ 38112. கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம் என்பதால் 'அரிய பொருள்' என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் பேரம் பேசத் தயங்காதீர்கள்.

பழைய பிரதியை வாங்கும் முன் டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகத்தால் வருடினால் தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று வரும். 'பீட் இட்' தொடங்கும் இடத்தில் க்ரூவ் கறுத்து மின்னாமல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், யாரோ தேய்ந்த முள்ளில் அந்த ஒரு பாட்டையே திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். அதை எந்தத் தண்ணீரில் துடைத்தாலும் மீட்க முடியாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் கிடந்தால் அதிகம் ஓடிய பிரதி. முதல் பக்கத்தின் கடைசி ஒரு நிமிடத்தைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடையில் டர்ன்டேபிள் இல்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் வசதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.