கறுப்பு கார்ல சிலந்தி வலை: சுழல் கீறல் எடுத்து ரெண்டரை வருஷம் ஆச்சு, என் அனுபவம்

2022 ஆயுத பூஜை அன்னைக்குத்தான் நான் அதை முதல்ல பார்த்தேன். அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல வண்டிய வெளிய எடுத்து வெயில்ல நிறுத்தி, வீட்டுக்காரம்மா பானட்ல சந்தனப் பொட்டு வெச்சு குங்குமம் வெக்கறாங்க, நான் சூடம் பத்த வெக்க குனியறேன், அந்தப் பொட்டைச் சுத்தி அப்படியே சிலந்தி வலை பின்னின மாதிரி வட்ட வட்டமா கீறல். தலையை இந்தப் பக்கம் நகத்தினா வலையும் கூடவே நகருது. எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு வண்டிய ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன், ரூஃப், நாலு டோர், டிக்கி, ஒரு இடம் பாக்கி இல்ல.

வண்டி எலைட் ஐ20, 2019 மாடல், கறுப்பு. கறுப்பு வாங்காத வாங்காதன்னு எல்லாரும் சொன்னாங்க, கேக்கல. ஒரு மாசம் முன்னாடிதான் கோயம்புத்தூர்லயே ஒரு கடையில ஃபுல் டீடெய்லிங் ப்ளஸ் 9எச் செராமிக்னு, அதாவது முழுசா கழுவி பாலிஷ் போட்டு மேல கெட்டியா ஒரு பாதுகாப்பு கோட்டிங், 6,500 ரூபாய்க்கு பண்ணியிருந்தேன். காலைல பத்து மணிக்கு விட்டேன், ரெண்டு மணிக்கு ரெடி சார்னு போன். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், நாலு மணி நேரத்துல கழுவி காய வெச்சு பாலிஷ் போட்டு செராமிக் போட்டு அது செட் ஆகறதுங்கறது நடக்கற காரியமே இல்ல. ஆனா ட்யூப்லைட் வெளிச்சத்துல வண்டி எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளன்னு நின்னுச்சா, நானும் பல்ல இளிச்சுட்டு காசக் குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு மழை, ரெண்டு வாஷ், அவ்வளவுதான், எண்ணெய் போச்சு, அடியில இருந்த கோலம் வெளிய வந்துச்சு.

திரும்ப அந்தக் கடைக்குப் போய்க் காட்டினேன். "கறுப்பு வண்டிங்க சார், அப்படித்தான் தெரியும், வேணும்னா இன்னொரு கோட் போட்டுத் தர்றேன், உங்களுக்குன்னா மூவாயிரம்" அப்படின்னாரு. சண்டை போட எனக்கு வராது, வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். கீழ் வீட்டு அங்கிள் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாரு, தடவினா மறையுதுதான், சாயங்காலத்துக்குள்ள அவிநாசி ரோட்டுத் தூசி மொத்தமும் வண்டி மேல ஒட்டிக்குது. டூத் பேஸ்ட் போடச் சொன்னாங்க, ஒரு ஓரத்துல தேய்ச்சேன், அங்க மட்டும் பால் தடவின மாதிரி மங்கிருச்சு. பட்டறையில கேட்டா பானட்டயும் ரூஃபையும் மொத்தமா ரீபெயிண்ட் அடிச்சிரலாம்னாங்க, கிட்டத்தட்ட சரின்னு சொல்லியே இருப்பேன். நல்லவேளை, ஆபீஸ்ல ஒருத்தர் தடுத்தாரு, கம்பெனி பெயிண்ட் மாதிரி வெளிய அடிக்கற பெயிண்ட் நிக்காது, விக்கும்போது ஆக்ஸிடெண்ட் வண்டியான்னு கேப்பாங்க, முதல்ல ஒழுங்கா பாலிஷ் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுங்கன்னு சொல்லி ஒரு பையன் நம்பர் குடுத்தாரு.

2023 பொங்கல் முடிஞ்சு போனேன். சின்ன ஷெட், ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் நிக்கும். தம்பிக்கு முப்பது வயசு கூட இருக்காது, விலை பேசறதுக்கு முன்னாடி லைட்டெல்லாம் அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணிய பானட்ல ஸ்ப்ரே பண்ணி ஒரு மைக்ரோஃபைபர் துணியில தொடைச்சாரு, தொடைச்ச இடத்துல கீறல் இன்னும் ரெண்டு மடங்கா தெரியுது. "செராமிக் இருந்தா இதுக்கெல்லாம் போகாதுங்ணா, உங்களுக்குப் போட்டது கீறலுக்குள்ள போய் ரொம்பி மறைக்கற கிளேஸ், அதான் மிச்சம் மீதி இருந்ததும் இப்ப வந்திருச்சு"ன்னாரு.

அன்னைக்கு அவர்கிட்ட கத்துக்கிட்டது நிறைய. என் வண்டில ரெண்டு விதமான கேடு இருந்துச்சு. ஒண்ணு இந்த சிலந்தி வலை, இது கழுவும்போதும் தொடைக்கும்போதும் மண்ணு தேய்ச்சு வர்ற மெல்லிசான கீறல். உண்மையில கீறல் வட்டமாவே இல்ல, எல்லாத் திசையிலயும் கன்னாபின்னான்னு கிடக்கு, வெளிச்சத்துக்குக் குறுக்க கிடக்கறது மட்டும் மின்னறதால நம்ம கண்ணுக்கு லைட்டைச் சுத்தி வட்டமா தெரியுது, அதனாலதான் நாம நகந்தா அதுவும் நகருது. இன்னொண்ணு ஹாலோகிராம், பட்டுப்புடவைய ஆட்டினா ஒரு வெளிச்சம் ஓடுமே, அந்த மாதிரி பட்டை பட்டையா ஓடும். ரோட்டரி பாலிஷ் மெஷின்ல கம்பளி பேட் மாட்டி வேகமா ஓட்டிட்டு, அதுக்கு மேல நைஸா ஒரு ஃபினிஷிங் பாலிஷ் ஓட்டாம விட்டா இதுதான் வரும். முதல் கடைக்காரர் என் பழைய வலையை அப்படியே வெச்சுட்டு மேல பட்டும் நெய்து குடுத்திருக்காரு.

அடுத்து பெயிண்ட் அளக்கற மீட்டர் எடுத்தாரு. பானட்ல 108, 112, ரூஃப்ல 115, இப்படி மைக்ரான் கணக்கு, ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. இடது பக்கம் பின் டோர்ல மட்டும் 190, "இது அடிச்ச டோர்ங்களா?"ன்னாரு, ஆமா, 2021ல இன்சூரன்ஸ்ல அடிச்சது, நான் சொல்லவே இல்ல. பம்பர்ல மீட்டர் பேசல, அது பிளாஸ்டிக், இந்த மீட்டர் தகரத்து மேலதான் வேலை செய்யும். நாம பிரிண்ட் எடுக்கற ஏ4 பேப்பர் ஒண்ணோட கனம் சுமார் 100 மைக்ரான், அப்போ வண்டி மேல இருக்கற அடியில அடிக்கற ப்ரைமர், கலர், அதுக்கு மேல நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஒரு பேப்பர் கனம்தான். அதுல மேல இருக்கற கிளியர் கோட் பாதிக்கும் கம்மி, 40, 50 மைக்ரான் இருந்தா பெருசு. கீறலை எடுக்கறதுன்னா கீறலோட அடி வரைக்கும் சுத்தி இருக்கற கிளியர் கோட்டைத் தேய்ச்சு சமம் பண்றது, போனது போனதுதான், வளராது. வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்தறதும் அதே கிளியர் கோட்தான். இதக் கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, நான் பாட்டுக்கு வருஷா வருஷம் பாலிஷ் போட்டா வண்டி புதுசா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்.

ரெண்டு நாள் வேலை, 14,000 ரூபாய். நான் முதல் நாள் லீவு போட்டு அங்கயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன், முதல் கடையில பட்ட பாடு அப்படி. கழுவினதுக்கு அப்புறம் இரும்புத்தூள் எடுக்கற ஸ்ப்ரே அடிச்சாரு, டோர் கீழ்ப் பக்கமும் டிக்கியிலயும் ஊதாக் கலர்ல ஒழுகுது, பிரேக்ல இருந்து பறக்கற இரும்புப் பொடி பெயிண்ட்ல குத்தி உக்காந்திருக்குமாம். அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டி, சோப்புத் தண்ணி விட்டு விட்டு வழிச்சாரு, முன்னாடி சொரசொரன்னு இருந்த ரூஃப் கண்ணாடி மாதிரி ஆச்சு. எங்க பார்க்கிங்ல புங்கமரத்துக்கு அடியில நிக்கற வண்டி, அந்தப் பிசின் எல்லாம் இதுலதான் போச்சு. கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், டோர் விளிம்பு எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப், விளிம்புல பெயிண்ட் மெல்லிசா இருக்கும், மெஷின் பட்டா சட்டுனு ப்ரைமர் தெரிஞ்சுரும்.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்தது. எடுத்ததும் காம்பவுண்டை, அதாவது கீறலை வெட்டி எடுக்கற கரடு பாலிஷை, கொட்டல. பானட்ல ரெண்டடிக்கு ரெண்டடி டேப் ஒட்டி, அதுக்குள்ள சாஃப்ட் பேட், நைஸ் பாலிஷ், டிஏ மெஷின், டிஏன்னா டூயல் ஆக்‌ஷன், சுத்திக்கிட்டே ஆடும், ரோட்டரி மாதிரி ஒரே இடத்துல சுத்தி சூடேத்தாது. நாலு ஓட்டு ஓட்டி, ஆல்கஹால் போட்டுத் தொடைச்சு, டார்ச். பாதிதான் போயிருந்துச்சு. ஒரு படி மேல, கட்டிங் பேட், காம்பவுண்ட், மறுபடி தொடைச்சு டார்ச். டேப்பை உரிச்சாரு பாருங்க, ஒரு பக்கம் சாம்பல் பூத்த கறுப்பு, இந்தப் பக்கம் கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரி கறுப்பு, மேல இருந்த ட்யூப்லைட் கோடு போட்ட மாதிரி நேரா விழுது. நான் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சே நின்னுட்டேன்.

மொத்த வண்டிக்கும் காம்பவுண்ட் ஒரு தடவை, பாலிஷ் ஒரு தடவை. எல்லாத்தயும் எடுக்கல. டிக்கியில யாரோ சாவியில கிழிச்ச கோடு ஒண்ணு, நகத்த வெச்சு இழுத்தா நகம் மாட்டுது, நகம் மாட்டினா அது பாலிஷ்ல போகாது, போக வெக்கணும்னா பெயிண்ட் ஓட்டை ஆயிரும்னு விட்டுட்டாரு. முடிச்சு அளந்தா பானட்ல முன்னாடியவிட மூணு, நாலு மைக்ரான் கம்மி. செராமிக் வேணுமான்னு கேட்டேன், அவருக்கு அதுலதான் லாபம், ஆனா வேண்டாம்னாரு. "9எச்ங்கறது பென்சில் முனை எவ்வளவு கெட்டிங்கற கணக்குங்ணா, ரோட்டு மணல் அதவிட கெட்டி. கோட்டிங் போட்டா தண்ணி ஓடும், அழுக்கு ஈஸியா போகும், தப்பாத் தொடைச்சா அதுவும் கீறும். முதல்ல கழுவற ஆளை மாத்துங்க." மெழுகு மாதிரி மேல பூசற வெறும் சீலண்ட் ஒண்ணு போட்டுக் குடுத்தாரு.

நான் மாத்தல, அங்கதான் தப்பு. எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு அண்ணன் மாசம் 500 ரூபாய்க்கு தெனம் வண்டி தொடைப்பாரு. நல்ல மனுஷன், குறை சொல்ல மனசு வராது, ஆனா ஒரே வாளி, ஒரே துணி, முப்பது வண்டி. என் வண்டிக்கு வர்றதுக்குள்ள அந்தத் தண்ணி டீ கலர்ல இருக்கும். எட்டு மாசம், 2023 செப்டம்பர்ல பெட்ரோல் பங்க் எல்இடி லைட்டுக்குக் கீழ வலை திரும்ப எட்டிப் பார்த்துச்சு. அன்னைக்கே அவர்கிட்ட பணம் அதேதான், உள்ள மட்டும் கிளீன் பண்ணுங்கண்ணா, வெளிய கை வெக்காதீங்கன்னு சொல்லிட்டேன். விநோதமாப் பார்த்தாரு, இன்னைக்கும் அப்படித்தான் பார்க்கறாரு.

இப்ப நானேதான் கழுவறேன், பத்து நாளைக்கு ஒருக்கா, முக்கால் மணி நேரம். முதல்ல பிரஷர் வாஷர்ல மண்ணெல்லாம் அடிச்சுத் தள்ளிரணும், கை வெக்கறதே அதுக்கப்புறம்தான். நுரை அடிச்சு அஞ்சு நிமிஷம் விட்டு, ரெண்டு வாளி, ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி, அடியில ஒரு ஜல்லடை, கிளவுஸை அதுல தேய்ச்சு மண்ணை உதுத்துட்டுத்தான் ஷாம்பூவுல முக்கறது. ரூஃப்ல இருந்து கீழ, சக்கரத்துக்கு தனித் துணி. கிளவுஸ் கீழ விழுந்துச்சுன்னா அன்னைக்கு அது ரிட்டயர்டு. துணி தொவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தக் கூடாது, அப்புறம் தண்ணி உறிஞ்சாது, வீட்ல இதுக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. தூசி படிஞ்சிருந்தா காஞ்ச துணியில ஒரு இழுப்பு இழுக்கறது மட்டும் ஆகவே ஆகாது, அந்த வண்ண வண்ண டஸ்டரும் சேர்த்துத்தான். ஆயுத பூஜைக்கு இப்ப பொட்டு நம்பர் பிளேட்டுக்கும் கண்ணாடிக்கும் மட்டும், காஞ்ச விபூதியக் கையால தட்டி விடறது கிட்டத்தட்ட உப்புத்தாள் போடற மாதிரி.

2024 ஜனவரில ஒரு டிஏ மெஷின் நானே வாங்கினேன், சீப்பானதுதான். அந்த எட்டு மாச வலையை நைஸ் பாலிஷ் மட்டும் வெச்சு எடுத்தேன், காம்பவுண்டே தேவைப்படல. அமுத்தினா மெஷின் ஆடுது, சுத்தறது நின்னுருது, நின்னா எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒண்ணும் நடக்காது, அதனால பேட் மாட்டற தட்டோட ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கிட்டேன், கோடு சுத்தறது தெரிஞ்சா வேலை நடக்குதுன்னு அர்த்தம். டேப் ஒட்ட சோம்பேறித்தனப்பட்டு வைப்பர் பக்கத்து பிளாஸ்டிக்ல பாலிஷ் தெறிச்சு வெள்ளை வெள்ளையா காஞ்சு போச்சு, பழைய டூத் பிரஷ்ல ஒரு ஞாயித்துக்கிழமை பூரா தேய்ச்சேன்.

இன்னும் தீராத பிரச்சினை தண்ணி. எங்க போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 1,100. 2024 மே மாசம் ஒரு அவசரத்துல மத்தியானம் கழுவிட்டு போன் பேசப் போயிட்டேன், வந்து பார்த்தா ரூஃப் பூரா வெள்ளை வளையம். வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் போட்டு வெச்சு கழுவினதுல முக்காவாசி போச்சு, அஞ்சாறு வளையம் பெயிண்டை அரிச்சு உள்ள இறங்கிருச்சு. அதப் பாலிஷ்ல எடுக்கலாம், எடுக்கல, ரூஃபை யார் பார்க்கறாங்க, அந்த ரெண்டு மைக்ரான் அங்கயே இருக்கட்டும்.

இப்போ 2025 ஜூலை. போன வாரம் அந்தத் தம்பிகிட்ட கொண்டு போய் டார்ச் அடிச்சுப் பார்த்தோம். பானட்ல லேசா இருக்கு, டோர் கைப்பிடிக் குழியில நகக் கீறல் இருக்கு, மத்தபடி நல்லா இருக்கு, இந்த வருஷம் மெஷினே வேண்டாம்னு அனுப்பிட்டாரு, காசு வாங்கல, டீ மட்டும் வாங்கிக் குடுத்தேன். வளையம் வராம இருக்க கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்துங்கன்னாரு. டிடிஎஸ் மீட்டரை வெச்சுப் பார்த்தா எங்க வீட்ல நூறுக்குக் கீழ காட்டற ஒரே தண்ணி எங்க ஊருக்குக் குடிக்க வர்ற சிறுவாணித் தண்ணிதான். நேத்து ரெண்டு குடம் தூக்கிட்டு சத்தமில்லாம கீழ இறங்கினேன், மாடிப்படியிலயே மாட்டிக்கிட்டேன். "ஏங்க, குடிக்கற தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு, அதுல காருக்கு அபிஷேகமா?" ஒரு குடம் திரும்ப மேல போயிருச்சு. மிச்ச ஒரு குடத்துல பானட்டும் ரூஃபும் ஆச்சு, டோர் நாலும் போர் தண்ணிதான், ஓடி ஓடித் தொடைச்சேன்.