கோடாக்ஸ் டிடி685 (இரண்டாம் பதிப்பு): வீட்டு விசேஷங்களுக்கு எடுபடுமா?

வளைகாப்பு, பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று ஹாலுக்குள் நடக்கும் விசேஷங்களில் கேமராவோடு வரும் குட்டி ஃப்ளாஷ் செய்யும் கூத்து தெரிந்ததுதான். நெற்றி பளபளக்கும், சுவரில் கன்னங்கரேலென்று நிழல் விழும், நகையெல்லாம் வெள்ளைப் பொட்டாகிவிடும். கேமரா மேல் தனியாக மாட்டும் டிடி685 ஃப்ளாஷுக்குக் காசு கொடுப்பது பவருக்காக இல்லை. தலை திரும்புகிறதே, வெளிச்சத்தை சீலிங்கில் அடித்து மென்மையாக இறக்கலாமே, அதற்காகத்தான். பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 60, வெளிச்சத்தைக் குறுக்கி, தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்துச் சொல்வது. 35 மி.மீ.யில் அது வெகுவாகக் குறையும். ஹாலுக்கு அதுவே தாராளம்.

பத்தடி உயர வெள்ளை சீலிங்; கேமராவில் ஐஎஸ்ஓ 400, எஃப் 4, ஷட்டர் 1/100. இந்தக் கணக்கில் 1/8 முதல் 1/4 பவரிலேயே வேலை முடிந்துவிடும். தலையை நேர் மேலே நிமிர்த்தினால் கண்குழி இருண்டுபோகும். உங்கள் தோளுக்குப் பின்பக்கமாகச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளை அட்டையை ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்துவிடுங்கள். கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் கிடைக்கும். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவர்ப் பக்கம் திருப்பினால் அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும். ஓடும் ஃபேனுக்கு நேர் கீழே நிற்பதும் வேண்டாம். இறக்கை குறுக்கே வரும்போதெல்லாம் ஒரு படம் வெளுப்பு, அடுத்தது இருட்டு என்று வரும்.

குத்துவிளக்குச் சுடரும் சீரியல் பல்பும் படத்தில் உயிரோடு தெரிய வேண்டுமென்றால் ஷட்டரை 1/60-க்கு இறக்குங்கள். ஃப்ளாஷ் வெளிச்சம் மாறாது, அறை வெளிச்சம் மட்டும் கூடும். அதற்கும் கீழே போனால் ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் மங்கலாக வால் முளைக்கும்.

டிடிஎல், அதாவது கேமராவே அளந்து ஃப்ளாஷ் பவரை முடிவு செய்யும் முறை, பெரும்பாலும் சொன்னபடி கேட்கிறது. ஏமாறும் இடம் இரண்டு: வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் ஆண்கள், பிறந்தநாள் மேடையில் தொங்கும் மினுமினுப்புத் திரை. இரண்டிலும் படம் இருட்டாக வரும். ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் காம்பென்சேஷனை +2/3 முதல் +1 வரை ஏற்றுங்கள். டிடிஎல்லில் இன்னொரு தொல்லை உண்டு. அளவு பார்க்க முதலில் ஒரு சிறு மின்னல் அடிக்கும். சட்டென்று கண் சிமிட்டுபவர்கள் அதற்கே சிமிட்டி, படத்தில் பாதிக் கண்ணோடு நிற்பார்கள். பாட்டி ஒருவருக்கே நாலு படத்திலும் கண் மூடியிருந்தால் காரணம் இதுதான். அந்த வரிசைக்கு மட்டும் பவரை நீங்களே வைக்கும் எம் மோடுக்கு மாறிவிடுங்கள்.

இதன் பலவீனம் பேட்டரி. நாலு டபுள்-ஏ செல். 2500 எம்ஏஎச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் முழு பவரில் சுமார் 230 முறை அடிக்கும், மறுபடி தயாராக 2.6 நொடி வரை ஆகும் என்கிறது கம்பெனி. சீலிங்கில் அடிக்கும் 1/4 பவருக்கு அதைவிடப் பல மடங்கு தாங்கும். சாதாரண ஆல்கலைன் போட்டால் காத்திருப்பு நீண்டுகொண்டே போய், சரியாக மாலை மாற்றும்போது ஒன்றும் அடிக்காது. கடிகாரத்துக்குப் போடும் செல்லை நினைக்கவே வேண்டாம். எட்டு ரீசார்ஜ் செல் வாங்கி, நாலு நாலாகக் குறியிட்டு, கலக்காமல் பயன்படுத்துங்கள். ஒன்று தளர்ந்தாலும் நாலும் படுத்துவிடும். விடாமல் முழு பவரில் அடித்தால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது ரிப்பேர் இல்லை.

இது எடுபடாத இடங்களும் உண்டு. மண்டபத்தின் இருபதடி சீலிங், மரப்பலகை சீலிங், வாசலில் போட்ட கலர்த்துணிப் பந்தல் ஆகியவற்றில் வெளிச்சம் திரும்பி வராது, வந்தாலும் நிறம் மாறி வரும். அங்கே நேராக அடிப்பதைவிட, டிரிகர் (தள்ளி நிற்கும் ஃப்ளாஷை ரேடியோவில் அடிக்க வைக்கும் கருவி) ஒன்று வாங்கி ஃப்ளாஷை ஃபோட்டோ குடைக்குள் ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. லென்ஸ் பார்க்கும் பக்கமே திருப்பி பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவது வெளிச்சத்தைத் தின்பதோடு சரி.

மாதம் நாலைந்து விசேஷம் எடுப்பவர்கள் லித்தியம் பேட்டரியுள்ள கோடாக்ஸ் வி860 மூன்றாம் பதிப்புக்கே போகலாம். முழு பவரில் 480 முறை அடிக்கும், மறுபடி தயாராக 1.5 நொடி. வருஷத்துக்கு இரண்டு மூன்று என்றால் டிடி685 போதும். விலை குறைகிறதே என்று டிடிஎல் இல்லாத டிடி600-ஐ எடுக்கும் முன் கேமராவின் மேல் ஃப்ளாஷ் மாட்டும் ஷூவைப் பாருங்கள். கேனான் 3000டி, 200டி மார்க் 2 இரண்டிலும் நடுவில் இருக்க வேண்டிய உலோகப் புள்ளி கிடையாது, டிடி600 அதில் அடிக்கவே அடிக்காது. டிடி685-லும் கேனான், நிக்கான், சோனிக்குத் தனித்தனி மாடல். கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டி, டிடிஎல்லில் சீலிங்கைப் பார்த்து நாலு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.