நாளைக்கு ரூஃப் கான்கிரீட், எலக்ட்ரீஷியன் வரவில்லை: தள்ளுவதா, வேறு ஆளா, பிறகு வெட்டுவதா?

சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) முடிந்து அடிக்கம்பியும் கட்டியாச்சு. ஃபேன் பாக்ஸ் வைத்து பைப் போட வேண்டிய ஆளைக் காணோம். கான்கிரீட் கேங்குக்கு அட்வான்ஸ் போய்விட்டது. இப்போது மூன்று வழிகள்தான்.

“போட்டுடலாம் சார், அப்புறம் வெட்டிக்கலாம்” என்பார் மேஸ்திரி. இருப்பதில் மோசமான வழி இது. தளத்தில் அடிக்கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், சுமார் 20 மி.மீ. தான். அதில் 25 மி.மீ. பைப்பைப் பதிக்க வெட்டினால் கம்பி வெளியே வந்துவிடும். கடைசியில் வயரை வெளியே மூடி ஓட்டும் கேசிங் பட்டியோ ஃபால்ஸ் சீலிங்கோதான் கதி.

வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம், ஆனால் சென்ட்ரிங் பலகையில் பாயின்ட் எல்லாம் பெயின்ட்டால் குறித்திருந்தால் மட்டும். குறிப்பு இல்லாமல் வருபவர் தன் யூகத்துக்குப் போடுவார். பிறகு வயர் இழுக்க முடியாதபோது பழையவர் பொறுப்பேற்க மாட்டார். மேல்கம்பி கட்டுவதற்கு முன்பே பைப் போயாக வேண்டும். பின்னால் வந்தால் கம்பி மேல் ஏறி நடந்து மேல்கம்பியைத் தாழ்த்திவிடுவார்கள். ஜாயின்ட்டில் சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவி, பைப் வாயையும் பாக்ஸையும் அடைக்காவிட்டால் சிமென்ட் பால் இறங்கி அடைத்துக்கொள்ளும். மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

தள்ளிப்போட்டால் சென்ட்ரிங் வாடகை ஏறும். அதைவிடப் பெரிய தலைவலி கேங்: முகூர்த்த சீசனில் விட்டால் ஒரு வாரம் கழித்துத்தான் கிடைப்பார்கள். ரெடிமிக்ஸ் என்றால் லாரி லோடாகும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். கலந்த 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டிய சரக்கு அது. வெயிலில் பலகை காய்ந்து இடுக்கு விடும், போடும் முன் தண்ணீர் அடித்துச் சரிபாருங்கள். கீழ்த்தள வேலையும் அதே அளவு பின்னால் போகும்: கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, தாங்கும் சுவர்/பீம்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். எண்ணிக்கை கான்கிரீட் போட்ட நாளிலிருந்துதான்.

குறிப்பு இருந்தால் மாற்று ஆள், இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள். மேஸ்திரி சொல்வதைக் கேட்க வேண்டாம்.

பூச்சு நேரத்தில் இதே ஆள் வராவிட்டால் இவ்வளவு யோசனை தேவையில்லை. பைப் போகாத வெளிச்சுவரைப் பூசக் கொத்தனாரை அனுப்பிவிடுங்கள். ஆனால் உள்சுவரைப் பூசிவிடாதீர்கள். பூசியபின் வெட்டிய இடத்தில் சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) வைத்து அடைத்தாலும் ஒட்டுப்போட்ட தடம் தெரியும், பல நேரம் விரிசலும் விடும்.