640 டாலர் போச்சு: ஸ்னோ ப்ளோயருக்கு எலெக்ட்ரிக் கிட் வாங்குகிறவர்கள் முதலில் மோட்டார் பாடியைச் சோதியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் பாதி விட்டுப்போகும்.

டிராக்டரில் மாட்டும் ஸ்னோ ப்ளோயரில் (பனியை அள்ளி வீசும் இயந்திரம்) பனி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதற்கு சூட்டை, அதாவது பனி வெளியே வரும் குழாயை, கைப்பிடியால் சுற்ற வேண்டும். எவ்வளவு தூரம் போய் விழ வேண்டும் என்பதற்கு அதன் மேல்மூடியைத் தூக்கி இறக்க வேண்டும். இரண்டையும் சீட்டில் உட்கார்ந்தபடியே சுவிட்சில் செய்யலாம் என்று ஒரு பெரிய இணையச் சந்தையில் ஒருவர் "முழு எலெக்ட்ரிக் கண்ட்ரோல் கிட்" விற்கிறார். கிட்டுக்கு 500 டாலர், "கனமான செம்பு வயர்" என்று தனியாக 140. ஆக 640 டாலர்.

விளம்பரத்தில் இருந்தவை: புத்தம் புதிய, சீல் செய்த 12 வோல்ட் கியர் மோட்டார் ஒன்று, ஐபி66 தரத்தில் (தூசியும் பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் புகாதது) மேல்மூடியைத் தூக்கி இறக்க, தண்டு நீண்டு சுருங்கும் 4 அங்குல ஆக்சுவேட்டர் ஒன்று, விட்டால் நடுவுக்கு வந்து நிற்கும் சுவிட்ச் இரண்டு, மின்சாரத்தைத் திசை மாற்றிவிடும் 5 பின் ரிலே நான்கு, 12 கேஜ் வயர். பட்டியலைப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. தெரிந்த ஆள் போடுகிற பட்டியல்தான்.

நம்பிக்கை வந்தது பட்டியலால்கூட இல்லை, அவர் கேட்ட கேள்விகளால். சூட் வளையத்தின் விட்டம் என்ன, அதில் எத்தனை பல், பி.டி.ஓ. (டிராக்டர் என்ஜினின் விசையை ப்ளோயருக்குக் கொடுக்கும் தண்டு) பின்பக்கமா நடுவிலா, பேட்டரியிலிருந்து சூட் வரை வயர் எத்தனை மீட்டர் ஓடும் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். இப்படிக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிறகு ஒரு வீடியோ வந்தது. மேசைமேல் மோட்டாரை கிளாம்ப் போட்டு இறுக்கி, பேட்டரியில் இரண்டு வயரைத் தொட்டுக் காட்டினார். வலப்பக்கம் சுற்றியது. வயரை மாற்றித் தொட்டார், இடப்பக்கம் சுற்றியது. அன்று மாலையே 640 டாலர் கட்டியாயிற்று.

அது மரமேசை. மோசடி முழுக்க அந்த மரமேசையில்தான் இருக்கிறது.

வந்தது கார் வைப்பர் மோட்டார். பழையது, மேலே புதுக் கறுப்பு பெயிண்ட். கியர் மூடியைக் கழற்றினால் உள்ளே பார்க் சுவிட்சின் தகடு அப்படியே இருக்கிறது. வைப்பரை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த உதவும் தகடு அது, சூட் மோட்டாருக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. பழையது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. வைப்பர் மோட்டார்களில் பல பாடி எர்த் வகை, அதாவது சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளில் (பிரஷ்) ஒன்று நேராக இரும்புக் கூட்டோடு இணைந்திருக்கும். இதிலும் அப்படித்தான். "இரண்டாவது வயர்" என்று வெளியே நீட்டியிருந்தது, உள்ளே கூட்டின் ரிவெட்டில் சுற்றி ஈயம் வைத்த வயர்.

இதை இரும்பு பிராக்கெட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் மோட்டார் பாடி, ப்ளோயர், டிராக்டர் சட்டம், பேட்டரியின் மைனஸ் எல்லாம் ஒன்றாகிவிடும். வலப்பக்க சுவிட்சை அழுத்தினால் பிளஸ் சரியான முனைக்குப் போகும், மோட்டார் சுற்றும். இடப்பக்கம் அழுத்தினால் ரிலே மாறி பிளஸ் நேராகப் பாடிக்குப் போகும். அது சுத்தமான ஷார்ட், 25 ஆம்பியர் ஃப்யூஸ் கண் இமைப்பதற்குள் போய்விடும். மரமேசையில் பாடி எதையும் தொடாததால் இரண்டு பக்கமும் அழகாகச் சுற்றியது. இது அவருக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. ரிவெட்டில் ஈயம் வைத்த கை அதை அறியாமல் வைத்திருக்காது.

இனி 140 டாலர் "கனமான வயர்". உறையில் 12 கேஜ் என்று அச்சு. 12 கேஜ் என்றால் செம்பின் குறுக்களவு 3.3 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உறையை உரித்து எண்ணினால் 0.2 மில்லிமீட்டர் இழை 26. கூட்டிப் பார்த்தால் 0.8 சதுர மில்லிமீட்டர்தான், அது 18 கேஜ். மிச்சமெல்லாம் பிளாஸ்டிக். இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஈயம் பூசிய நல்ல செம்பு வயர் வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் சிவப்பாகவும் இருக்கும். இது நேர்மாறு.

இதன் விளைவைக் கணக்காகவே பாருங்கள். பேட்டரியிலிருந்து சூட் வரை 4 மீட்டர், போக வர 8 மீட்டர். உறைந்த பனியில் சூட் சிக்கும்போது மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், உண்மையான 12 கேஜ் செம்பில் 0.8 வோல்ட்தான் குறையும். இந்த வயரில் 5 வோல்ட்டுக்கு மேல் குறையும். பேட்டரியில் 12.6 இருந்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 7 சொச்சம். பலம் தேவைப்படுகிற நேரத்தில்தான் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும்.

ஆக்சுவேட்டரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபி66 என்பது ஸ்டிக்கர் மட்டுமே. தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் கிடையாது, ஒரு கம்பளி வளையம். தண்ணீர் உள்ளே இறங்கி, இரவில் உறைந்து, காலையில் திருகுத்தண்டு பிடித்துக்கொண்டது. லிமிட் சுவிட்ச் இரண்டு கடைசி முனைகளில்தான் நிறுத்தும், நடுவில் சிக்கினால் அதற்குத் தெரியாது. தனியாக ஒரு சின்ன ஃப்யூஸ் இருந்திருந்தால் ஆக்சுவேட்டரின் மோட்டார் தப்பியிருக்கும். கிட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே 25 ஆம்பியர்தான். கருகிவிட்டது.

புகார் சொன்ன பிறகு வந்த பதில்கள் இவை. முதலில், பேட்டரி வீக்காக இருக்கும், மாற்றுங்கள். நான்கு நாள் கழித்து, வயரை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். அதற்கு ஐந்து நாள் கழித்து, மோட்டாருக்கு அடியில் ரப்பர் வையுங்கள். ரப்பர் வைத்தால் தீராது. மோட்டாரின் தண்டும் பாடியோடு தொடர்பில்தான் இருக்கிறது. அந்தத் தண்டில் உள்ள பல்சக்கரம் சூட் வளையத்தின் இரும்புப் பல்லில் கடித்தவுடன் மறுபடி ஷார்ட். அதைப் படத்தோடு விளக்கி எழுதியதற்கு வந்த பதிலைத்தான் மன்னிக்கவே முடியவில்லை: "ஃப்யூஸ் சின்னது, 60 ஆம்பியர் போடுங்கள்."

ஃப்யூஸ் காப்பது வயரை. 0.8 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 10 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. அவர் வைத்த 25 ஆம்பியரே அதிகம். 60 போட்டால் ஃப்யூஸ் போவதற்கு முன்பே வயரின் உறை உருகும். அந்த வயர் ஓடுவது டீசல் குழாய்க்குப் பக்கத்தில். 640 டாலரை எடுத்துக்கொண்டது போதாமல், டிராக்டரைக் கொளுத்தும் யோசனையையும் கொடுத்தார்.

இப்படிப் பதில் பதிலாக இழுத்ததில் 30 நாள் திருப்பி அனுப்பும் காலம் முடிந்தது. முடிந்த மறுநாளே அவர் வேகமாக எழுதினார்: பொருத்திய சாமானைத் திரும்ப எடுப்பதில்லை. தளத்தின் உதவிப் பிரிவு, விற்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. மறுபடி எழுதியபோது காலம் கடந்துவிட்டது என்றது. மூன்றாம் முறை 20 டாலர் கூப்பன் அனுப்பியது. போனது 640 டாலர்.

விரிவாக ஒரு வழிகாட்டி எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது.

மோட்டார் கைக்கு வந்தவுடன், பொருத்துவதற்கு முன், மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து ஒரு முனையை வயரிலும் மறுமுனையைப் பெயிண்ட் சுரண்டிய பாடியிலும் வையுங்கள். இரண்டு வயரிலும் சத்தமே வரக் கூடாது. வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். வீடியோ கேட்டால் இரும்பில் மாட்டி, அந்த இரும்பை பேட்டரி மைனஸோடு இணைத்து, இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வயரை உரித்து எண்ணுங்கள், சுரண்டுங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். மோட்டாருக்குத் தனி, ஆக்சுவேட்டருக்குத் தனி. பேச்சுவார்த்தை நடக்கும்போதே தளத்தில் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிடுங்கள், விற்பவரின் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். சுவிட்ச் வேலை செய்யாமல் சூட் சிக்கினால் பி.டி.ஓ.வையும் என்ஜினையும் நிறுத்தி, எல்லாம் நின்ற பிறகு கட்டையால் குத்துங்கள், கையை விடாதீர்கள்.

இதே கிட்டை வாங்கி, அவர் பேச்சைக் கேட்டு 60 ஆம்பியர் போட்டவர்கள் இருந்தால், இதைப் படித்ததும் போய் அதைக் கழற்றுங்கள்.