8,400 ரூபாய் போச்சு! பெண்களுக்கு வரும் கட்டிக்கு ஃபோனில் மருந்து வாங்கி ஏமாறாதீர்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் வந்தேன். வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். குறுவை நடவு நேரம். பிறப்புறுப்பின் இடது ஓரத்தில் பட்டாணி போல ஒரு வீக்கம், மூன்றாம் நாள் கொட்டைப்பாக்கு அளவு ஆனது. வீட்டில் யாரிடம் சொல்வது? ராத்திரி ஃபோனில் தேடினேன். 'கத்தி வேண்டாம், ரகசியம் காக்கப்படும்' என்று மூலிகை மருந்து விற்கிற ஒரு பக்கம் வந்தது.

பேசியது ஒரு பெண். "இதெல்லாம் வெளியில சொல்ற விஷயமா தங்கச்சி? எனக்கே வந்துச்சு, பத்து நாள்ல கரைஞ்சிடுச்சு" என்றாள். அந்த 'தங்கச்சி'யில்தான் விழுந்தேன். புருஷனிடம்கூடச் சொல்லாததை அவளிடம் அழுதுகொண்டே சொன்னேன். களிம்புக்கு 1,900, 'முழு கோர்ஸ்' என்று 6,500. நடவு ஆட்களுக்கு எடுத்து வைத்திருந்த கூலி. மொத்தம் 8,400.

தடவியதும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. கூப்பிட்டேன். "கெட்டநீர் இறங்குது, பொறுத்துக்க." மறுநாள் காய்ச்சல், வீக்கம் எலுமிச்சம்பழம். "கத்திரிக்காய் சாப்பிட்டிருப்ப." அதற்கடுத்த நாள் ஒரு ஆள் எடுத்தான், "வைத்தியர் வெளியூர்ல இருக்காங்க." பணம் கேட்டேன். "திறந்த மருந்துக்குப் பணம் கிடையாது." அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். டப்பாவின் லேபிள் ஓரத்தைச் சுரண்டினேன். அடியில் இன்னொரு லேபிள், 'மூட்டுவலிக்கு' என்று. அதற்கு 8,400 ரூபாய்!

நாத்தனார்தான் என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்து, திட்டிக்கொண்டே தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். உட்கார முடியாமல் பஸ்ஸில் வடுவூர் தாண்டியும் நின்றுகொண்டேதான் போனேன். டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார், 'பார்த்தோலின்' (Bartholin) என்கிற சுரப்பியில் வந்த கட்டி. யோனி வாயின் இரண்டு பக்கமும் பயறளவில் இருக்குமாம். அதன் குழாய் அடைத்தால் நீர் தேங்கும், கிருமி சேர்ந்தால் சீழ். இவ்வளவு பெரிய சீழ்க்கட்டி களிம்பில் கரையாது, வெளியே எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாகக் கீறினார். சீழ் வெளியேறிய அந்த நொடியே பாதி வலி போய்விட்டது. வெறுமனே கீறி விட்டால் வாய் மூடி மறுபடி கட்டும் என்று, ஓரத்தை மடித்துத் தைத்து வழி விட்டிருக்கிறார்கள். தப்பு செய்தவளுக்குத்தான் வரும் என்று பேசுவார்களோ என்றுதானே ஒளித்தேன்? உடம்பில் சாதாரணமாக இருக்கிற கிருமியாலேயே வரும் என்றார். அங்கே ஒரு பைசா வாங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. வீக்கம் சின்னதாக இருக்கும்போதே தினம் மூன்று நான்கு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருங்கள். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர். நாற்பது வயதுக்கு மேல் வந்தால் கட்டாயம் காட்டுங்கள், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். இப்படி ஏமாந்து பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் நாலு நாள் கழித்துக் கூப்பிட்டேன், 8,400 இன்னும் வரவில்லை.

பேசினில் வெந்நீர் ஆறுகிறது, போகிறேன்.