ஐந்து மாத அமாவாசை: 14 மாத ஃபாட்மேப் உணவுமுறையும் என் எடையும்

எங்கள் அலுவலகத்துக்கு இந்த ஜூனில் மாற்றலாகி வந்த தம்பி ஒருவர், குடல் மருத்துவர் கொடுத்த தாள்களைப் போன வாரம் என் மேஜையில் விரித்துவைத்து, "அண்ணே, ஒரு வருசத்துக்கு மேல நீங்க இதத்தான சாப்பிடுறீங்க, எளைக்காம எப்படிண்ணே பாத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். பொங்கலுக்கு முன்னால் என்னைப் பார்த்திருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அவருக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எனக்கிருக்கும் ஐ.பி.எஸ். (வயிற்று வலியும் உப்புசமும் தரும் நாள்பட்ட குடல் கோளாறு) பற்றியும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான லோ ஃபாட்மேப் உணவுமுறை (சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதிக்கும் சில மாவுச்சத்துகளைக் குறைப்பது) எதையெல்லாம் விலக்கச் சொல்கிறது என்பது பற்றியும் இதைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால் அவற்றுக்குள் நான் விரிவாகப் போகவில்லை.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே என் வயிற்று உப்புசம் அடங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்காரும் வழக்கமும், பேருந்தில் ஏறுமுன் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளும் வழக்கமும் என்னை விட்டுப் போயின. எட்டு ஆண்டுகளாக எத்தனையோ மாத்திரைகளும் கஷாயங்களும் சாதிக்காததை மருத்துவர் கொடுத்த ஒரு தாள் சாதித்தது.

ஆனால் அந்தத் தாளில் முதல் வரியாக இருந்தது வெங்காயம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுச்சத்தை எந்த மனிதரின் சிறுகுடலும் செரிப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை, என்னைப் போன்றவர்களுக்கு வலியாக வருகிறது. அறிவியல் எனக்குப் புரிகிறது. ஆனால் மெல்போர்னில் இருப்பவர் வெங்காயத்தை விடுவதும், தினமும் கீழமாரட் வீதி வெங்காய மண்டிகளைத் தாண்டி வேலைக்குப் போகும் மதுரைக்காரன் வெங்காயத்தை விடுவதும் ஒன்றல்ல. சாம்பாரில், சட்னியில், கறிதோசையில், அயிரை மீன் குழம்பில், வடையில், ஆம்லெட்டில், போதாததற்குப் பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ளும் கொத்சுவில்கூட அது இருக்கிறது. ஓட்டலில் வெங்காயம் போடாதது என்ன இருக்கிறது என்று நான் கேட்டபோது, பரிமாறுபவர் காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னைக்கு அமாவாசை இல்லையே சார்?" என்றார். அன்று முதல் என் வீட்டில் தினமும் அமாவாசை ஆனது; விரத நாளில் என் மனைவி வெங்காயம், பூண்டு சேர்க்காமல் செய்யும் சமையல்தான், துவரம்பருப்பின் அளவை மட்டும் குறைத்துக்கொண்டு, ஐந்து மாதம் ஓடியது.

இனி எடைக்கு வருகிறேன். என் உயரம் 168 செ.மீ.; தொடங்கும்போது எடை 61 கிலோ. முதல் மாதம் 2 கிலோ குறைந்தபோது தொப்பை போகிறது என்று மகிழ்ந்தேன். டிசம்பர் கடைசியில் 52 கிலோவில் நின்றேன், பி.எம்.ஐ. கணக்கில் அது 18.4, அதாவது ஆரோக்கியமான எடையின் கீழ்வரம்பான 18.5-க்கும் கீழே. பெல்ட்டில் இரண்டு புதிய துளைகள் போட வேண்டியதாயிற்று. அதைவிட, பார்ப்பவர் எல்லாரும் கேட்ட கேள்விதான் என்னை வாட்டியது. மதுரையில் ஒருவன் இளைத்தால் ஊரே மருத்துவர் ஆகிவிடும்: "சுகர் செக் பண்ணியாச்சா?" கல்யாண வீட்டில் என் மாமியார், பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளைக்கு வீட்டுல சோறு போடுறது இல்லபோல" என்று தன் மகளையே குறை சொன்னார். அந்தப் பழி முழுவதும் என் மனைவி மேல் விழுந்ததுதான் இந்த உணவுமுறையின் மேல் எனக்கு இன்னும் தீராத கோபம்.

மருத்துவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐ.பி.எஸ். தன்னளவில் எடையைக் குறைப்பதில்லை என்றும், எடை இறங்கினால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்றும் சொல்லி, சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை என எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். இதே நிலையில் இருப்பவர்கள் இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. என் விஷயத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நான் குறைவாகச் சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்ற பொதுக் கணக்குப்படி, 9 கிலோவை 150 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 460 கலோரி வருகிறது. அது நான் நிறுத்திய நான்கு பால் டீயும் சாயங்கால வடையும்தான். நான் பசியோடு இருந்ததாக ஒருநாள்கூட உணரவில்லை. வெங்காயம் இல்லாத குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்கத் தோன்றவில்லை என்பதை மட்டும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

உண்மை தெரிந்தது போகிப் பண்டிகை அன்று. வெள்ளையடிப்பதற்காக ஃப்ரிட்ஜை நகர்த்தியபோது, அதன் கதவில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்த அந்தத் தாள் கிழிந்து வந்தது. பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததை அன்றுதான் இருவரும் படித்தோம். முழு விலக்கு என்பது 2 முதல் 6 வாரத்துக்கு மட்டும். அதன் பிறகு ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவு வரை ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, ஒத்துக்கொண்டதையெல்லாம் மறுபடி உண்ண வேண்டும். நீண்ட காலம் விலக்கிலேயே இருந்தால் குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறையும் என்ற எச்சரிக்கையும் அங்கே இருந்தது. ஆறு வாரத்தில் முடிய வேண்டியதை ஐந்து மாதம் நான் நோன்பாக நோற்றிருக்கிறேன். பின்பக்கம் பார்க்கவும் என்று முன்பக்கத்தில் ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? ஒட்டியது என் கைதான் என்று மனைவி நினைவூட்டினாள்.

திரும்பச் சேர்க்கும் கட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பொருளை மூன்று நாள் அளவைக் கூட்டிக்கூட்டிச் சாப்பிட்டு, இடையில் சில நாள் வயிற்றை ஆறவிட்டு, அடுத்ததைத் தொடங்க வேண்டும். இரண்டு சப்பாத்தி தாங்குகிறேன். பால் அரை டம்ளரைத் தாண்டினால் இல்லை, ஆகவே ஜிகர்தண்டா எனக்கு முடிந்துபோன கதை. பெரிய வெங்காயம் எந்த அளவிலும் ஆகவில்லை. சின்ன வெங்காயத்தில் என் கணக்கு மூன்று. நான்காவது விழுந்த அன்று இரவு தூக்கமில்லை. இன்று எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெங்காயத்தை நறுக்குவதில்லை, எண்ண வசதியாக முழுசாகவே போடுகிறோம். கரண்டியில் வருவதை எண்ணி மூன்றை மட்டும் என் தட்டில் விட்டு, மற்றதை மனைவி தன் தட்டுக்குத் தள்ளுகிறாள்.

எடை ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான் என்று சொன்னால் தம்பி நம்பவில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டால், மணம் மட்டும் எண்ணெயில் நிற்கும். அதைச் செய்து அலமாரியில் வைத்துவிடக் கூடாது, கொடிய நச்சுக்கிருமி வளர இடமுண்டு. அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். சோற்றில் அதை இரண்டு மேஜைக்கரண்டி ஊற்றினால் 240 கலோரி, வயிற்றில் இடமே பிடிக்காது. அதோடு மாலை நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை (முந்திரி கூடாது, கடலை தாராளமாக ஆகும்), காலையில் இரண்டு முட்டை, நெய், உருளைக்கிழங்கு. மீனிலும் ஆட்டுக்கறியிலும் ஃபாட்மேப் எதுவும் இல்லை, குற்றம் எல்லாம் மசாலாவில். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கக்கூடும் என்பதால் உறையைப் படித்து வாங்குகிறோம். ஜனவரியில் 52, இன்று காலை 58.

வயிறு சரியாகிவிட்டது, எடையும் பெரும்பாலும் திரும்பிவிட்டது, அப்படியானால் ஏன் இவ்வளவு கடுப்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அதற்கு முதல் நாள்தான் ஒரு காதுகுத்து விழாவில் கறிக்குழம்பை விட்டுவிட்டு வெறும் தயிர்ச்சோற்றோடு எழுந்து வந்தவனிடம் வேறு என்ன பதில் எதிர்பார்க்க முடியும்? தயிரும் கொஞ்சம்தான் ஆகும். இந்த உணவுமுறையை விட்டுவிடுவீர்களா என்று அவர் கேட்டதற்கு மட்டும் மாட்டேன் என்றேன்.

அவர் தாள்களைச் சுருட்டும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அதே மருத்துவமனைதான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. திரும்பச் சேர்க்கும் முறையை இப்போது தனித் தாளில் அடித்து, பின் குத்திக் கொடுக்கிறார்கள்.